துவைக்காத சட்டை

ஐந்து மாதம் கழித்து சிவக்கனி ஏழாம் பாத்திக்குத் திரும்பி வந்த அன்று ஒரு பூகூட விரியவில்லை.

காலை ஆறரை மணி இருக்கும். தேரிக்காட்டின் செம்மணல் இன்னும் சூடேறவில்லை. பாத்தி முழுக்க விஷ்ணுகிரந்தி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. இலையெல்லாம் பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய ரோமம். கணுவுக்குக் கணு மொட்டு. சிவக்கனி செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுக் குத்தவைத்தாள். தையல் போட்ட இடம் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மொட்டுகளுக்கு மேலே கையை நீட்டினாள்.

"நாந்தான் வந்திருக்கேன்," என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. முன்பெல்லாம் கையை நீட்டவே வேண்டாம். அவள் வரப்பில் ஏறும்போதே முதல் வரிசை விரிந்துவிடும். பத்து எண்ணுவதற்குள் கடைசி மூலை வரைக்கும் நீலம் ஓடும். பூ என்னவோ சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனால் ஆயிரம் பூ ஒன்றாக விரியும்போது தரையே கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆறு வருஷமாக தினமும் பார்த்தது.

"அக்கா! வந்துட்டியளா? சொல்லியிருந்தா பஸ்ஸுக்கு வந்து நின்னுருப்பேனே."

பின்னாலிருந்து ரோஸ்லின் வந்தாள். சிவக்கனி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஏழாம் பாத்தியைப் பார்த்துக்கொள்ள ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்த ஆள். முப்பது வயதுக்காரி. சேலைக்கு மேலே காக்கி வேலைச்சட்டை, கையில் ஒரு கோழி இறகு.

சிவக்கனி பதில் சொல்வதற்குள் ரோஸ்லின் வரப்பில் ஏறினாள். அவ்வளவுதான். முதல் வரிசை விரிந்தது. அடுத்த வரிசை விரிந்தது. சிவக்கனி நீட்டிய கைக்கு அடியிலேயே மொட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, அவளைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தன.

"நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க," என்றாள் சிவக்கனி. எழுந்திருக்க ரோஸ்லின் கை கொடுத்தாள். சிவக்கனி அதைப் பிடிக்காமல் தரையில் கையூன்றி எழுந்தாள்.

*

இந்தப் பூ ஏன் ஆளைப் பார்த்து விரிகிறது என்பதை முகுந்தன் சார்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் பத்துப் பெண்களையும் உட்காரவைத்துச் சொன்னார். நிலையத்தின் விஞ்ஞானி அவர். அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத வயது.

"பூ விரிஞ்சா அது வழியா தண்ணி ஆவியாப் போகும்கா. இந்த வெயில்ல சும்மா விரிஞ்சு வச்சிருந்தா செடி தாங்காது. அதனால யாரு மகரந்தம் தொட்டு வைக்க வர்றாங்களோ, அவங்க வாடை வந்தா மட்டும் விரியிற மாதிரி மாத்தியிருக்கோம்."

"அது தேனீ வேலையில்லா சார்?" என்று கேட்டாள் மூன்றாம் பாத்தி பாக்கியத்தாய்.

"தேனீதான் இல்லையே. இனிமே நீங்கதான் தேனீ."

"அப்பம் நாங்க கொட்டவும் செய்யலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். முகுந்தன் சாரும் சிரித்துவிட்டு, அந்த முக்கியமான விஷயத்தைச் சொன்னார். "ஒரு செடி அதோட முதல் பூ விரியும்போது பக்கத்துல யாரு இருக்காங்களோ, அவங்க வேர்வை வாடையைத்தான் பிடிச்சுக்கும். ஆயுசுக்கும் அது மட்டும்தான். அதனால ஒரு பாத்திக்கு ஒரே ஆள். சோப்பு, பவுடர், தலையில மல்லிகைப்பூ எதுவும் கூடாது. வேலைச்சட்டையைத் துவைக்கவே கூடாது."

அப்படித்தான் சிவக்கனி முதல் மொட்டு வைத்த வாரம் முழுக்கப் பாத்தி ஓரத்திலேயே சோறு தின்று கிடந்தாள். அவள் சட்டை ஆறு வருஷமாகத் தண்ணீர் பார்க்கவில்லை. முதுகில் உப்பு பூத்து மொடமொடவென்று நின்றது. கழற்றி வைத்தால் தானாக உட்காரும் என்று அவள் புருஷன் அய்யாப்பழம் கிண்டல் பண்ணுவார்.

ஆடிக்காற்று வந்தால் தேரி மண் எழுந்து நடக்கும். ஏற்கெனவே மூன்று ஊரை மூடிவிட்டது. அடுத்து நான்காவது சிவக்கனியின் ஊர். ஊருக்கு மேற்கே உள்ள மேட்டில் இந்தச் செடி படர்ந்துவிட்டால் மண் நகராது. அதற்கு விதை வேண்டும். போன கோடையில் மற்ற ஒன்பது பாத்தியிலும் முக்கால்வாசிச் செடி காய்ந்துபோனது. ஏழாம் பாத்தியில் ஒன்றுகூடப் போகவில்லை. அதனால் மேட்டுக்கான விதை ஏழாம் பாத்தியிலிருந்துதான் என்று முடிவானது. பாத்தித் தலைப்பில் ஒரு தகரப் பலகை வைத்து 'சிவக்கனி' என்று பெயிண்டில் எழுதினார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ரேஷன் கார்டைத் தவிர அவள் பெயர் எழுதியிருந்த இடம் அது ஒன்றுதான்.

*

"என் சட்டைய எங்கட்டி?"

கொட்டகையில் அவளுடைய ஆணியில் ஒன்றும் இல்லை.

"கரையான் அரிச்சிருச்சுக்கா," என்றாள் ரோஸ்லின், குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே. "பழசெல்லாம் தூரப் போட்டுட்டாவ."

புதுச் சட்டை கொடுத்தார்கள். கஞ்சி வாடை அடித்தது. 'பதினஞ்சு நாள் போடுங்க, உங்க வேர்வை ஏறிடும், பூ பழையபடி விரியும்' என்றார் முகுந்தன் சார். அதுவரை ஏழாம் பாத்தியை ரோஸ்லினே பார்க்கட்டும், நீங்கள் கூட இருங்கள் என்றார்.

கூட இருப்பது என்றால் என்ன? ரோஸ்லின் இறகால் பூவுக்குப் பூ தொட்டுக்கொண்டே போவாள். சிவக்கனி அவள் பின்னாலேயே குனிந்து களை பிடுங்க வேண்டும். தன் வீட்டு அடுப்பில் இன்னொருத்தி சமைக்க, தான் பாத்திரம் விளக்கின மாதிரி.

"அவ்வளவு தண்ணி ஊத்தாத. அழுகிரும்."

"ஒரு டம்ளர்தானக்கா."

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கத்தான் ஒரு டம்ளரு. விரல விட்டுப் பாரு. ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். இது தாகத்துல வளந்த சாதி. பாவம் பாத்து ஊத்துனா செத்துரும்."

"சரிக்கா."

இந்தச் 'சரிக்கா'தான் சிவக்கனிக்கு ஆகவில்லை. எதிர்த்துப் பேசினாலாவது ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். அவள் என்ன சொன்னாலும் ரோஸ்லின் சரிக்கா என்றாள். பூக்களோ ரோஸ்லின் போகிற பக்கமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. 'பேருலயே ரோசாவ வச்சிக்கிட்டு வந்திருக்கா, மினுக்கி' என்று பாக்கியத்தாயிடம் சொன்னாள். இந்த வெயிலிலும் ரோஸ்லின் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருப்பதைக் காட்டி, "கறுத்துருவாளாம். பயம்," என்றாள்.

உண்மையில் சிவக்கனி ரோஸ்லினைப் பார்த்ததைவிடப் பூவைத்தான் அதிகம் பார்த்தாள். ஒரு நாள் கடைசி மூலையில் ஒரு முழ அகலத்துக்குப் பூ விரியாமல் கிடப்பதைக் கண்டுபிடித்தாள். மறுநாள் அது ஒன்றரை முழமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரிச் சோறு அன்றைக்கு நன்றாக இறங்கியது.

பதினைந்து நாள் முடிந்தது. புதுச் சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் படிந்தது. சிவக்கனி தனியாக வரப்பில் ஏறி நின்றாள். எதுவும் விரியவில்லை.

முகுந்தன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான விஷயம் பேசுவதற்கு முன்னால் அவர் அப்படித்தான் செய்வார்.

"அக்கா, ஆபரேஷன்ல கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்துட்டாங்கல்ல?"

"ஆமா."

"அதுல சுரக்கிறது நின்னுட்டா உடம்போட வாடையே மாறிடும்கா. நமக்குத் தெரியாது. செடிக்குத் தெரியும். அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க வேற ஆளு."

"அப்பம் அவ மட்டும் என்ன, பழைய ஆளா? அவளுக்கு எப்படி விரியுது?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான்கா அதிசயம்! வளர்ந்த செடி புது ஆளைப் பழகவே பழகாதுன்னு நெனச்சோம். ஏழாம் பாத்தி பழகியிருக்கு. நான் அறிக்கை அனுப்பிட்டேன். வர்ற வியாழக்கிழமை மேலிடத்துல இருந்து பார்க்க வர்றாங்க." பிறகு குரலை இறக்கினார். "பலகையில பேரை மாத்த வேண்டியிருக்கும். உங்களுக்கு விதை புடைக்கிற கொட்டகையில வேலை போட்டுத் தர்றேன். நிழல்தான். குனிய வேண்டாம்."

பாக்கியத்தாய்தான் மற்றதை எடுத்துச் சொன்னாள். "எளா சிவக்கனி, இது உன்னோட போறதில்ல. எந்தச் செடியும் எந்த ஆளையும் பழகும்னு ஆயிருச்சுன்னு வையி, நாளைக்கு நாம எதுக்கு? லாரியில யாரையாவது அள்ளிட்டு வந்து எறக்கிருவான். ஒரு நாளு வயித்துவலின்னு லீவு போட முடியுமா? இந்த ரோஸ்லின் ஒருத்தி நம்ம பத்துப் பேரு சோத்துலயும் மண்ணப் போட்டுட்டா."

சிவக்கனிக்கு மற்ற ஒன்பது பேர் சோறு பற்றியெல்லாம் அப்போது நினைப்பு இல்லை. வீட்டுக்குப் போனதும் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டாள். வாடை மாறியது அந்த மாத்திரையால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்கு நாள் கழித்து உடம்பு கொதித்து, தலை சுற்றி, தண்ணீர்க் குடத்தோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அய்யாப்பழம் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார். "பூவு விரிஞ்சா விரியுது, விரியாட்டாப் போவுது. உனக்கு என்ன கேடு?"

"உமக்குத் தெரியுதா?"

"என்னது?"

"என் வாடை மாறிட்டாமே. உமக்குத் தெரியுதா?"

அவர் அவள் தலைக்கடியில் தலையணையைச் சரிசெய்தார். "தலகாணியில வேற யாரோ படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கும் சிலநேரம்," என்றார். பிறகு அவசரமாக, "அதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

புதன்கிழமை பதினொரு மணிக்கு வேலை முடிந்து எல்லாரும் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் ரோஸ்லின் உள்சட்டையைக் கழற்றி, மடித்து, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் போடுவதைச் சிவக்கனி பார்த்தாள். அவ்வளவு பத்திரமாக யாராவது அழுக்குச் சட்டையை வைப்பார்களா?

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். இவள் தன் வேர்வையைச் சேர்த்து வைக்கிறாள். உள்ளே ஒரு சட்டையைப் போட்டு, ஊறவிட்டு, டின்னில் அடைத்து, ஊறுகாய் போடுகிற மாதிரி வாடையை முற்ற வைத்து என் செடியை மயக்கியிருக்கிறாள்.

ரோஸ்லின் போனதும் டின்னைத் திறந்து சட்டையை எடுத்து மடியில் கட்டினாள்.

வீட்டில் அன்றைக்கு இருந்தது மொத்தம் மூன்று குடம் தண்ணீர். அடுத்த லாரி வெள்ளிக்கிழமைதான். அவள் இரண்டு குடத்தைத் துவைகல்லுக்குக் கொண்டுபோனாள். குளிக்கவும் இல்லாமல், பாத்திரம் கழுவவும் இல்லாமல், ஒருத்தியின் வாடையைப் போக்க இரண்டு குடம். கட்டிச் சோப்பைப் போட்டு அரைமணி நேரம் தேய்த்தாள். தண்ணீர் செக்கச்செவேலென்று போனது. அடித்தாள். கல்லில் அடித்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். அதையெல்லாம் எழுத முடியாது.

"சட்டையத் துவைக்கக் கூடாதும்ப?" என்று அய்யாப்பழம் எட்டிப் பார்த்தார். "தண்ணியெல்லாம் என்னத்துக்கு இப்படி..."

"உள்ள போரும்."

நுரை வடிந்தது. உதறிப் பிழிந்து, கொடியில் போடப்போகும்போது பொத்தான் விரலில் பட்டது. மேலிருந்து மூன்றாவது பொத்தான். மற்றதெல்லாம் காக்கி நூலில் தைத்திருக்க, அது மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது. நூலைக் குறுக்கே போடாமல் நேராக இரண்டு கோடாக இழுத்து, பின்பக்கம் கோணலாக ஒரு முடிச்சு.

ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் அய்யாப்பழத்தைக் கோக்கச் சொல்லி, வீட்டில் வேறு நிற நூல் இல்லாமல், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே தைத்த பொத்தான்.

சிவக்கனி சட்டையை முகத்தில் வைத்து மோந்தாள். சோப்பு வாடை. காலரைத் திருப்பி மோந்தாள். அக்குளில் மோந்தாள். சோப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படிச் சுத்தமாகத் துவைத்திருந்தாள்.

துவைகல்லிலேயே உட்கார்ந்தாள். ஆக அந்தப் பூக்கள் ரோஸ்லினுக்கு விரியவில்லை. இத்தனை நாளும் அவளுக்குத்தான் விரிந்திருக்கின்றன. ஐந்து மாதமாக அவள் இல்லாமலே, அவளுக்கு மட்டும்.

சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. சாயங்காலம் கொண்டுபோய் டின்னில் வைத்து, ரப்பர் வளையத்தையும் பழையபடி போட்டுவிட்டு வந்தாள். எதற்காக அப்படிச் செய்தோம் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நாளைக்கு ரோஸ்லின் எல்லார் முன்னாலும் நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு ஒரு பக்கம்.

*

வியாழக்கிழமை வண்டியில் நான்கு பேர் வந்தார்கள். ரோஸ்லின் கொட்டகையிலிருந்து வெளியே வரும்போதே முகம் வெளிறியிருந்தது. முகுந்தன் சார் அவளை வரப்புக்கு அழைத்துப்போனார். கேமராவைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஒரு பூவும் விரியவில்லை. ரோஸ்லின் குனிந்து கையை நீட்டினாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தாள். வெயில் ஏறியது. வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகுந்தன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டரை மணிக்கு வண்டி கிளம்பிப் போனது. பாக்கியத்தாய் தன் பாத்தியிலிருந்து, "நல்லா வேணும்," என்றாள், கேட்கிற மாதிரியே.

ரோஸ்லின் கொட்டகைக்குப் பின்னால் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சிவக்கனி போய் எதிரே நின்றாள்.

"அக்கா, அது உங்க சட்டைக்கா."

"தெரியும்."

"கரையான்னு பொய் சொல்லிட்டேன். வந்த மொத வாரம் ஒண்ணுகூட விரியல. ஊருல எங்க வீட்டு மேல கூரை வரைக்கும் மண்ணுக்கா. நாங்க மூணாவது ஊரு. திரும்பிப் போறதுக்கு எடமே கெடையாது. ஒரு நா உங்க சட்டையச் சும்மா போட்டுப் பாத்தேன். ஓடி ஓடி விரிஞ்சுது." மூக்கைச் சேலையில் துடைத்தாள். "அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் வயித்தெரிச்சல்தான். தண்ணி ஊத்துறது நானு, களை எடுக்குறது நானு. ஆனா அது தேடுறது உங்கள. ஒங்க மொகத்தக்கூட நான் பாத்ததில்ல அப்பம். எப்படியும் பொம்பள பேரழகியாத்தான் இருப்பான்னு நெனச்சேன். நீங்க திரும்பி வந்த அன்னைக்குப் பாத்தா..."

"பாத்தா?"

"சாதாரணமாத்தான் இருந்திய."

சிவக்கனிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"வாடை கொறஞ்சுக்கிட்டே வந்துச்சுக்கா. மூலையில விரியாம ஆச்சு. அதான் டின்னுல போட்டு வச்சேன். இன்னைக்குத் தொறந்தா சோப்பு மணக்குது. எந்தப் பாவி செஞ்சாளோ..."

"நாந்தான்."

ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று சிவக்கனி காத்திருந்தாள். அது அவளுக்கு வேண்டியும் இருந்தது.

"எத்தன கொடம் ஊத்துனிய?"

"ரெண்டு."

"ரெண்டு கொடமா?" ரோஸ்லின் வாயில் கையை வைத்தாள். "லாரி நாளைக்குத்தான வரும். வீட்டுல குடிக்க இருக்கா?"

அதற்குத்தான் சிவக்கனி அழுதாள்.

பிறகு இரண்டு பேரும் வரப்பில் போய் உட்கார்ந்து மொட்டுகளைப் பார்த்தார்கள். இறகு படாத பூ விதை வைக்காது. மேட்டுக்கு வேண்டியதில் பாதி விதைதான் சேர்ந்திருந்தது; ஆடிக்குள் முற்ற இன்னும் ஒரு பத்து நாள் பூதான் மிச்சம். அதற்குள் தொட்டால் ஆடிக்கு முன்னால் மேட்டுக்கு விதை போகும். புது விதை முளைத்தால் முதல் பூவிலிருந்து யார் வேண்டுமானாலும் பழக்கலாம். பத்து நாள் தவறினால் இந்தச் செடியோடு எல்லாம் முடிந்தது. சிவக்கனியின் ஊர் நான்காவது ஊராகிவிடும்.

"உங்க பழைய துணி வேற எதுவும் வீட்டுல கெடக்கா?"

"எல்லாம் துவைச்சதுதான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. துவைக்காதது ஒன்று இருந்தது.

ஆபரேஷன் அன்றைக்கு நர்ஸ் பச்சை அங்கியை மாட்டிவிட்டு, அவள் உடுத்தியிருந்த சேலையையும் ரவிக்கையையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு அய்யாப்பழம் கையில் கொடுத்திருந்தாள். அது பரணில் கிடக்கிறது. அவள் இதுவரை பிரிக்கவில்லை. பிரித்தால் அந்த நாள் திரும்ப வெளியே வந்துவிடும் போலிருந்தது.

எழுந்து முதலில் முகுந்தன் சாரிடம் போனாள்.

"சார், அந்த அறிக்கைய அடிச்சுருங்க. செடி யாரையும் புதுசாப் பழகல. என் சட்டையத்தான் அந்தப் பிள்ள போட்டிருந்தா. நாந்தான் போடச் சொன்னேன், ஆஸ்பத்திரில இருந்து போன்ல. நேத்து நான் தெரியாம துவைச்சுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "நீங்களே போடச் சொன்னீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன்கா போன வாரம் எங்கிட்ட வந்து சண்டை போட்டீங்க?"

"மறந்துட்டேன் சார். மயக்க மருந்து," என்றாள் சிவக்கனி. அவர் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். பாக்கியத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரைச் சிவக்கனி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் வரப்புக்குப் பத்தடி தள்ளி நின்றார்கள். சிவக்கனி கவரைப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

ரோஸ்லின் குனிந்து மோந்தாள். "இதேதான்க்கா. சட்டையில இருந்தது இதே வாடைதான்."

சிவக்கனியும் மோந்தாள். தேங்காயெண்ணெய், செம்மண், வேர்வை, அதற்கு அடியில் பேர் சொல்லத் தெரியாத ஒன்று. தன்னுடையது என்று நினைத்துத்தான் மூக்கை வைத்தாள். பழக்கமில்லாத வீட்டுக்குள் தவறிப்போய் நுழைந்த மாதிரி இருந்தது. அந்த வீட்டில் ஒருத்தி சௌகரியமாகக் குடியிருந்தாள். வலி கிலி இல்லாமல் குனிந்தாள், நிமிர்ந்தாள். ஆயிரம் பூ அவள் ஒருத்திக்காகக் காத்திருந்தது. அவளுக்கு அதன் அருமை தெரிந்திருக்குமா? சிவக்கனிக்கு வயிறு எரிந்தது. ரோஸ்லின்மேல்கூட இவ்வளவு எரிந்ததில்லை.

சேலையின் நடுவில் பல்லை வைத்து ஒரு கிழி கிழித்தாள். பாதியை ரோஸ்லின் பக்கம் எறிந்தாள்.

"தலையில கட்டு. தோளு வரைக்கும் இழுத்து விடு. இன்னையோட சேத்துப் பத்து நாளு. டின்ன மறக்காம மூடணும்."

"அடுத்த விதைக்கு? மொதப் பூவுக்கு யாருக்கா உக்காருறது?"

"ஒரு சண்டை முடியட்டும். அடுத்ததுக்கு ஏன் இப்பமே அவசரம்?"

இரண்டு பேரும் ஒன்றாக வரப்பில் ஏறினார்கள். முதல் வரிசை விரிந்தது. இரண்டாவது, மூன்றாவது. நீலம் ஓடி, ஒன்றரை முழ மூலையையும் சேர்த்துக்கொண்டு, வேலி வரைக்கும் போய் நின்றது. ரோஸ்லின் தன் தலைத்துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிவக்கனியின் தலைத்துணியைப் பார்த்தாள்.

"யாருக்குக்கா விரியுது இது? உங்களுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனாளே, அவளுக்கு."

சிவக்கனி கோழி இறகை எடுத்து முதல் பூவில் வைத்தாள்.

"அவ இனிமே வரமாட்டா. நீ அந்தப் பக்கம் தொடு. வெயிலு ஏறிரும்."